ஓநீல்: ஓர் அயர்லாந்துக் குலப்பெயரின் தோற்றமும் வரலாறும்

முன்னுரை

தமிழர் பெயரிடு மரபில் தந்தையின் பெயரோ அதன் முதலெழுத்தோ மகனின் பெயருக்கு முன் நிற்கும். அடுத்த தலைமுறையில் அது மாறிவிடும். எனவே, ஒரு மூதாதையின் பெயர் மாறாமல் உறைந்து, ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஒரு குடும்பத்தின் பெயராக நிலைபெறும் முறையை நாம் நம் வழக்கிலிருந்து எளிதில் உணர்ந்துகொள்ள இயலாது. ஐரோப்பாவில் வழிவழி வரும் குடும்பப்பெயர் முறை மிகப் பழங்காலத்திலேயே வேரூன்றிய நாடுகளுள் அயர்லாந்தும் ஒன்று. அங்குக் கி.பி. 10, 11ஆம் நூற்றாண்டுகளிலேயே இம்முறை பரவத் தொடங்கியது. அவ்வாறு தோன்றிய பெயர்களுள் ஆங்கிலத்தில் 'ஓநீல்' என வழங்கும் பெயரை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

இப்பெயர் முதலில் உறவைக் குறித்தது. பின்னர் ஆட்சிப் பட்டமாக உயர்ந்தது. அதன்பின் அதனைச் சூடுவதே அரசத் துரோகம் எனச் சட்டம் கூறும் நிலை வந்தது. இறுதியில் எவரும் தாங்கக்கூடிய இயல்பான குடும்பப்பெயராயிற்று. குடும்பப்பெயர் என்பது குருதியின் பதிவு மட்டுமன்று, அது அதிகாரத்தின் பதிவும் ஆகும் என்பதனை இந்நான்கு நிலைகளும் தெளிவுபடுத்துகின்றன.

1. பெயரின் இலக்கணம்

ஐரிய மொழியில் இப்பெயர் 'ஓ நேல்' என ஒலிக்கப்படும். இதில் இரண்டு சொற்கள் உள்ளன. 'ஓ' என்பது 'ஊஅ' என்னும் பழஞ்சொல்லின் பிற்கால வடிவம். 'பேரன்' என்பது அதன் முதற்பொருள். காலப்போக்கில் 'வழித்தோன்றல்' என்னும் விரிந்த பொருளை அது பெற்றது. மகனைக் குறிக்கும் 'மக்' என்னும் சொல்லும் இவ்வாறே பல குடும்பப்பெயர்களின் முன்னொட்டாயிற்று.

'நேல்' என்பது 'நீயல்' என்னும் ஆண்பெயரின் ஆறாம் வேற்றுமை வடிவம். தமிழில் 'இன்', 'அது', 'உடைய' முதலியவை பெயரின் இறுதியில் சேர்ந்து ஆறாம் வேற்றுமைப் பொருளைத் தரும். ஐரிய மொழியிலோ பெயரின் உள்ளிருக்கும் உயிரே மாறுகிறது. ஆகவே 'ஓ நேல்' என்பதற்கு 'நீயலின் பேரன்' அல்லது 'நீயலின் வழித்தோன்றல்' என்பது பொருள்.

இப்பெயர் தாங்குபவர் யார் என்பதைப் பொறுத்து முன்னொட்டும் மாறும். மகன் 'ஓ நேல்' எனப்படுவான். மகள் 'நீ நேல்' எனப்படுவாள். மணமாகி அக்குடும்பத்திற்கு வந்தவள் 'பான் ஈ நேல்' என்றோ, சுருக்கமாக 'ஈ நேல்' என்றோ வழங்கப்படுவாள். இங்குள்ள 'ஈ' என்பது 'ஓ' என்பதன் வேற்றுமை வடிவம். பன்மை வடிவமும் இதுவே. ஆங்கில வடிவத்தில் இவ்வேறுபாடுகள் யாவும் மறைந்து, ஆணுக்கும் பெண்ணுக்கும் 'ஓநீல்' என்னும் ஒரே வடிவமே எஞ்சியது.

2. இரண்டு நீயல்கள்

இப்பெயரைப் பற்றிய பொதுவழக்கு நூல்கள் பலவற்றில் ஒரு பிழை திரும்பத் திரும்ப இடம்பெறுகிறது. 5ஆம் நூற்றாண்டைச் சார்ந்தவனாகக் கருதப்படும் 'ஒன்பது பிணையாளர் நீயல்' என்னும் மன்னனின் பெயராலேயே ஓநீல் குடும்பம் பெயர்பெற்றது என்பதே அப்பிழை. ஒன்பது பிணையாளர்களைப் பெற்று ஆண்டவன் என்பதால் அவன் இச்சிறப்புப் பெயர் பெற்றான் என்பர். அவனைப் பற்றிய செய்திகளுள் வரலாற்றையும் கதையையும் பிரித்தறிதல் அரிது.

அவன் வழிவந்தோராகத் தம்மைக் கூறிக்கொண்ட அரச மரபினர் அனைவரும் பன்மையில் 'ஈ நேல்' எனப்பட்டனர். இம்மரபின் வடகிளையும் தென்கிளையும் பல நூற்றாண்டுகள் தாராவின் அரசுரிமையைத் தம்முள் பகிர்ந்துகொண்டன. 1002இல் பிரையன் போரு தலைமையுரிமையைப் பெற்றபோதே அவர்களது நெடுங்கால மேலாண்மை முறிந்தது.

'ஈ நேல்' என்பது மரபுப்பெயர். 'ஓ நேல்' என்பது குடும்பப்பெயர். ஓடொனல், ஓடொகர்ட்டி, ஓகலகர் முதலிய குடும்பத்தாரும் மரபுவழிப் பட்டியல்களின்படி 'ஈ நேல்' மரபினரே. ஆயினும் அவர்கள் 'ஓ நேல்' அல்லர். ஓநீல் குடும்பத்தின் பெயருக்குக் காரணமான நீயல் வேறொருவன். முன்னவனுக்கு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் பிற்பட்டவன். 'கருமுழங்கால்' எனப் பொருள்படும் 'கிளூண்டுவ்' என்னும் அடைமொழி பெற்ற அந்நீயல், 919இல் டப்லினில் வைக்கிங்குகளை எதிர்த்துப் போரிட்டு மாண்டான்.

3. உறவுச்சொல் பெயராக உறைதல்

நீயல் கிளூண்டுவின் மகன் முர்க்கெர்ட்டாக் 943இல் கொல்லப்பட்டான். அவனுடைய மகன் டொம்னல் 956 முதல் 980 வரை தலைமை மன்னனாக விளங்கினான். அவன் 'டொம்னல் ஊஅ நேல்' எனப்பட்டான். அவன் உண்மையிலேயே நீயலின் பேரன். எனவே அவனளவில் இது வெறும் உறவுக் குறிப்பு எனலாம்.

அவன் மகன் ஆய்த் 1004இல் போரில் மடிந்தான். அவனும் 'ஊஅ நேல்' என்றே குறிக்கப்பட்டான். ஆயின் அவன் நீயலின் பேரன் அல்லன், கொள்ளுப்பேரன். சொற்பொருளின்படி பொருந்தாத இடத்திலும் அச்சொல் தொடர்ந்து வழங்கியமையே குடும்பப்பெயர் பிறந்ததற்கான சான்றாகும். தந்தைக்கு உறவுமுறையாக இருந்தது மகனுக்குப் பெயராயிற்று.

எனினும் பெயர் தோன்றியவுடன் ஆட்சி நிலைத்துவிடவில்லை. அதே குலத்தின் மற்றொரு கிளையினரான மக்லாக்லின் குடும்பத்தார் நெடுங்காலம் அவர்களை விஞ்சி நின்றனர். 1241இல் கைமெய்ர்கே என்னுமிடத்தில் நடந்த போரில் பிரையன் ஓநீல் அவர்களை வென்றபின்னரே, இன்று டைரோன் எனப்படும் பகுதியின் அரசுரிமை ஓநீல் குடும்பத்திற்கே உரியதாயிற்று. அப்பிரையனும் 1260இல் டவுன் போரில் ஆங்கிலேயரால் கொல்லப்பட்டான்.

ஓநீல் எனப் பெயர் தாங்கிய அனைவரும் இவ்வொரு குடும்பத்தினர் அல்லர் என்பதும் குறிப்பிடத்தக்கது. கார்லோ, வாட்டர்போர்ட் முதலிய தென்பகுதிகளில் வேறு நீயல்களின் வழியில் தனித்தனியே இப்பெயர் தோன்றியுள்ளது.

4. பெயரே பட்டமாதல்

டைரோனில் உள்ள டல்லஹோக் என்னும் குன்றில் ஓநீல் தலைவர்களின் பதவியேற்பு நடைபெற்றது. அவ்விடத்தைக் காக்கும் உரிமை ஓஹேகன் குடும்பத்திற்கு உரியது. புதிய தலைவன் கல்லிருக்கையில் அமர்த்தப்படுவான். ஓகஹன் குடும்பத் தலைவன் அவனது தலைக்கு மேலாக ஒரு காலணியை எறிவான். பின்னர் 'ஓநீல்' என உரத்து அழைக்கப்படுவான். இயற்பெயரின்றிக் குலப்பெயரால் மட்டும் விளிக்கப்படுதலே பதவியேற்பின் உயிர்நிலையாகும். அக்குடும்பத்தில் பிறந்தோர் பலர். 'ஓநீல்' எனத் தனித்து அழைக்கப்படுபவன் ஒருவனே.

இதனால் இப்பெயர் ஆங்கில அரசின் கண்ணில் ஒரு குடும்ப அடையாளமாக அன்றி, அரசுக்கு எதிரான இறைமைக் குறியாகத் தோன்றியது.

5. பெயருக்கு எதிரான சட்டங்கள்

அயர்லாந்தில் பெயரைச் சட்டத்தால் கட்டுப்படுத்தும் முயற்சி இதற்கு முன்பே தொடங்கியிருந்தது. டப்லின், மீத், லவுத், கில்டேர் ஆகிய பகுதிகளில் ஆங்கிலேயரிடையே வாழும் ஐரியர், ஊர், நிறம், தொழில், பதவி ஆகியவற்றுள் ஒன்றைக் குறிக்கும் ஆங்கிலக் குடும்பப்பெயரை ஏற்க வேண்டும் என 1465இல் ஒரு சட்டம் விதித்தது. பெயர் மாறினால் உள்ளமும் மாறும் என்னும் எண்ணமே இதன் அடிப்படை எனலாம்.

அல்ஸ்டரின் ஓநீல் தலைவர்கள் அச்சட்டத்தின் எல்லைக்கு அப்பால் இருந்தனர். அவர்களிடம் வேறு வழி கையாளப்பட்டது. 1542இல் கொன் ஓநீல் எட்டாம் ஹென்றி மன்னரிடம் பணிந்து, 'ஓநீல்' என்னும் பட்டத்தைத் துறந்து, 'டைரோன் கோமான்' என்னும் ஆங்கிலப் பட்டத்தை ஏற்றான். ஆனால் 1559இல் அவன் இறந்ததும் மகன் ஷேன், பழைய முறைப்படி டல்லஹோக்கில் 'ஓநீல்' ஆனான். 1567இல் ஷேன் கொல்லப்பட்டான். 1569இல் டப்லின் நாடாளுமன்றம் அவனது உடைமைகளைப் பறிமுதல் செய்ததோடு, 'ஓநீல்' என்னும் பெயரையே ஒழிப்பதாகவும் சட்டம் இயற்றியது. அப்பட்டப்பெயரை ஏற்பது அரசத் துரோகக் குற்றம் என அச்சட்டம் கூறிற்று.

சட்டத்தின் ஆணை குன்றின்மீது எடுபடவில்லை. ஷேனுக்குப் பின் டர்லோ ஓநீல் அப்பெயரைத் தாங்கினான். அவன் 1595இல் இறந்தபின், ஆங்கிலப் பட்டமாகிய டைரோன் கோமானாக இருந்த ஹியூ, 'ஓநீல்' ஆனான். ஒரே மனிதனிடம் இரு பெயர்களும் இரு சட்டமுறைகளும் மோதின. ஒன்பதாண்டுப் போர் என வரலாற்றில் வழங்கும் போரில், 1601இன் இறுதியில் கின்சேலில் ஏற்பட்ட தோல்வி அவன் வலிமையை முறித்தது. 1602இல் ஆங்கிலத் தளபதி மவுண்ட்ஜாய் டல்லஹோக்கின் கல்லிருக்கையை உடைத்தெறிந்தார். சட்டத்தால் அழிக்க இயலாத பெயரை அழிக்க, அப்பெயர் வழங்கப்பட்ட இடத்தையே அழிக்க நேர்ந்தது.

1603 மார்ச் 30ஆம் நாள் மெல்லிஃபொண்ட் உடன்படிக்கையில் ஹியூ 'ஓநீல்' பட்டத்தைத் துறந்தான். ஆறு நாள்களுக்கு முன்பே எலிசபெத் அரசி இறந்துவிட்டதை அவனுக்கு மறைத்தே அவ்வுடன்படிக்கை முடிக்கப்பட்டது. 1607 செப்டம்பரில் அவன் ரத்முல்லன் கரையிலிருந்து கப்பலேறினான். 1616இல் ரோமாபுரியில் இறந்தான். அவன் விட்டுச்சென்ற மண்ணில் 1609 முதல் பிரித்தானியக் குடியேற்றம் திட்டமிட்டு நடத்தப்பட்டது.

6. இழந்த முன்னொட்டும் புலம்பெயர்ந்த பெயரும்

ஆட்சி மாறியபின் 'ஓ' என்னும் முன்னொட்டு பழைய ஒழுங்கின் சுவடாயிற்று. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் பலர் அதனைக் கைவிட்டு 'நீல்' என மட்டும் எழுதினர். ஐரிய எழுத்தில் 'ஓ' என்பதன்மேல் இடப்படும் குறி நெடிலைக் காட்டுவது. ஆங்கில எழுத்தர் கையில் அது எழுத்தினின்று விலகி மேற்கொட்டாயிற்று. 1893இல் கேலிய மொழிக் கழகம் தோன்றி மொழிமீட்புணர்வு பரவியபின், விடுபட்ட முன்னொட்டை மீண்டும் ஏற்போர் பெருகினர்.

நாடு நீங்கியோருடன் பெயரும் கடல் கடந்தது. இக்குலத்தின் கிளாண்டிபோய்க் கிளையினர் போர்த்துக்கலில் நிலைகொண்டனர். 20ஆம் நூற்றாண்டுப் போர்த்துக்கீசியக் கவிஞர் அலெக்சாந்தர் ஓநீல் (1924–1986) இப்பெயரினர். 1936இல் நோபல் பரிசு பெற்ற அமெரிக்க நாடகாசிரியர் யூஜின் ஓநீல், ஐரியப் புலம்பெயர்ந்தோர் வழிவந்தவர்.

7. பெயரும் குருதியும்

2006இல் டப்லின் டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள், வடமேற்கு அயர்லாந்து ஆண்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரிடம் ஒரே வகையான ஆண்வழி மரபணுக் குறி காணப்படுவதை வெளியிட்டனர். அது ஒன்பது பிணையாளர் நீயலின் மரபாகலாம் எனக் கருதப்பட்டது. பிற்கால ஆய்வுகள் அக்குறி அவன் காலத்திற்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்டது எனக் காட்டின. எனவே அக்குறியை அவனுடைய வழிமரபின் சான்றாகக் கொள்ள இயலாது.

வரலாறு இதனினும் தெளிவான சான்றைத் தருகிறது. ஹியூ ஓநீல் நாடு நீங்கியபோது அயர்லாந்தில் ஆங்கில அரசின் தலைமைப் பேராளராக இருந்தவர் ஆர்தர் சிச்செஸ்டர். அல்ஸ்டர் குடியேற்றத்தை முன்னின்று நடத்தியவரும் அவரே. 1855இல் ஷேன் கோட்டை ஓநீல் குடும்பத்தின் ஆண்வழி அற்றபோது, பெண்வழி உறவினரான வில்லியம் சிச்செஸ்டர் என்பார் அச்சொத்துகளைப் பெற்று, அரச இசைவுடன் தம் குடும்பப்பெயரை 'ஓநீல்' என மாற்றிக்கொண்டார். அவர் ஆர்தருடைய உடன்பிறந்தாரின் ஆண்வழி மரபினர். 1963 முதல் 1969 வரை வட அயர்லாந்தின் பிரதமராயிருந்த டெரன்ஸ் ஓநீல் இவ்வழியில் வந்தவரே. குலத்தை வென்றோரின் குடும்பமே அக்குலத்தின் பெயரைத் தாங்கிற்று.

முடிவுரை

'ஓநீல்' என்னும் சொல்லில் ஒரு பேரன், ஓர் அரசன், ஒரு குற்றவாளி, ஒரு நாடற்றவன் எனப் பலர் உறைகின்றனர். அதன் தொடக்கத்தை மிகப் பழைய நீயலிடம் தேடுவோர், 'ஈ', 'ஓ' என்னும் இரண்டு நெட்டெழுத்துகளின் வேறுபாட்டைத் தவறவிடுகின்றனர். அதனை வெறும் குருதியாகக் காண்போர், சட்டமும் சொத்தும் போரும் பெயரை எவ்வாறு கைமாற்றின என்பதனைத் தவறவிடுகின்றனர். சட்டம் ஒழிக்க முனைந்த அப்பெயர் இன்றும் வழங்குகிறது. அதனைச் சூட்டிய கல்லிருக்கைதான் எஞ்சவில்லை. ஒரு மக்களின் பெயர்களைப் பிறர் எழுதும்போது எந்த எழுத்து விடுபடுகிறது, அது ஏன் விடுபடுகிறது என வினவுவது மொழியாசிரியரின் கடமை என்பதனையும் இப்பெயரின் வரலாறு நமக்கு உணர்த்துகிறது.