வலியசாலையில் மைனஸ் 40 டிகிரி! தெரியுமா?

திருவனந்தபுரம் வலியசாலை அக்ரஹாரத்தில் வெயில் கொளுத்துகிறது. வாசலில் நிற்கும் காரோ தான் சைபீரியாவில் இருப்பதாக நினைக்கிறது! நடக்குமா? நடக்கும்! கூலன்ட் டெம்பரேச்சர் சென்சாரின் ஒயர் அறுந்தால், பல கார்களில் ஸ்கேனர் காட்டும் வெப்பநிலை மைனஸ் 40! குளிர்ந்த எஞ்சினுக்குக் கூடுதல் பெட்ரோல் வேண்டுமே? மாற்று ஏற்பாடு இல்லாத எஞ்சின் கம்ப்யூட்டர் அள்ளி ஊற்றிவிடும்!

ஒரு லிட்டர் பெட்ரோல் முழுதாக எரிய எவ்வளவு காற்று தேவை தெரியுமா? சுமார் 9,000 லிட்டர்! எடைக் கணக்கில் 1 கிராமுக்கு 14.7 கிராம். பெட்ரோல் இதற்கு மேல் போனால் மெக்கானிக் சொல்வார்: "மிக்சர் ரிச்சா ஓடுது சார்!" கரும்புகை, பெட்ரோல் வாடை, மைலேஜ் காலி!

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்திருக்கிறீர்களா? முனை இளம்பழுப்பாக இருந்தால் சுகம். மைபோலக் கரி அப்பியிருந்தால் ரிச்! முனை 450, 500 டிகிரி சூடேறினால் பிளக் தன் கரியைத் தானே எரித்துக்கொள்ளும்! ஆனால் சாலைக் கடைத்தெரு வரை போய்க் காய்கறி வாங்கித் திரும்பும் காருக்குச் சூடேற ஏது நேரம்? ஆயில் கேஜை உருவி முகர்ந்து பாருங்கள், அதிலும் பெட்ரோல் வாடை வரலாம்!

"ஏர் ஃபில்டரை மாத்துங்க" என்பார்கள். கார்புரேட்டர் காலத்து மாருதி 800க்கு அது சரி. இன்றைய இன்ஜெக்‌ஷன் கார்கள் காற்றை அளந்தே பெட்ரோல் விடுவதால், ஃபில்டர் மேல் பழி போடுவது பெரும்பாலும் வீண்!

பி0172! இது என்ன தெரியுமா? "மிக்சர் மிக ரிச்" என்று ஸ்கேனரில் கார் தானே கொடுக்கும் வாக்குமூலம்! கூடவே ஃப்யூயல் ட்ரிம் மைனஸ் 20, மைனஸ் 25 சதவீதம் என்று இறங்கியிருந்தால், கம்ப்யூட்டர் பெட்ரோலைக் குறைத்துக் குறைத்துத் திணறுகிறது! பெட்ரோல் பிரஷர் ரெகுலேட்டரில் வேக்கம் ஹோஸ் உள்ள காரா? ஹோஸைப் பிடுங்குங்கள். உள்ளே பெட்ரோல் ஈரமா? உள்ளிருக்கும் டயாஃப்ரம் கிழிந்துவிட்டது! அது சரியாக இருந்தால் அடுத்த சந்தேகம், ஒழுகும் இன்ஜெக்டர்.

புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சாரின் உச்சம் எவ்வளவு தெரியுமா? சுமார் 0.9 வோல்ட்! டார்ச் செல்லில்கூட 1.5 இருக்கிறது! 0.9 என்றால் ரிச், 0.1 என்றால் லீன், அதாவது பெட்ரோல் குறைவு. 1976லேயே வோல்வோ காரில் வந்துவிட்ட சமாசாரம் இது. ஆனால் ஏமாறவும் செய்யும்! ஒரு சிலிண்டர் மிஸ்ஃபயர் ஆனால் எரியாத ஆக்சிஜன் வெளியே வரும். "பெட்ரோல் போதவில்லை" என்று சென்சார் அலற, கம்ப்யூட்டர் இன்னும் ஊற்றும்! அதனால் எடுத்த எடுப்பில் சென்சாரை மாற்றிக் காசைக் கரைக்காதீர்கள்.

அலட்சியமாக விட்டால்? எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து உள்கூட்டையே உருக்கிவிடும்! பிளாட்டினம், பலேடியம், ரோடியம் பூசிய கூடு அது!

வேண்டுமென்றே ரிச்சாக ஓட்டும் எஞ்சினும் திருவனந்தபுரத்தில்தான் பிறந்தது, தெரியுமா? நெடுமங்காடு பக்கம் வலியமலையில் இருக்கும் இஸ்ரோ மையம் உருவாக்கிய ராக்கெட் எஞ்சின் சிஇ-20! ஹைட்ரஜன் முழுதாக எரிய எடையில் 8 மடங்கு ஆக்சிஜன் வேண்டும். இதற்குக் கொடுப்பதோ சுமார் 5 மடங்குதான்! மிச்ச ஹைட்ரஜன் லேசானது, பின்னால் சீறும் வேகம் கூடுகிறது! 2023 ஜூலை 14 அன்று சந்திரயான்-3ஐ ஏற்றிச் சென்ற எல்விஎம்3 ராக்கெட்டின் கடைசிக் கட்டம், இந்த ரிச் மிக்சரில்தான் ஓடியது!