மேளம் கொட்டி மண் பூசும் ஊர்!

சுவர் பூசும் இடத்தில் மேளத்துக்கு என்ன வேலை? மேற்கு ஆப்பிரிக்காவில் மாலி என்று ஒரு நாடு. அங்குள்ள ஜென்னே நகரில் இரண்டும் சேர்ந்தே நடக்கின்றன!

மழைக்கு முன்...

ஜென்னேயில் வீடுகள் மண் வீடுகள். ஊர் நடுவே உள்ள பெரிய மசூதியும் மண்தான். இப்போதுள்ள கட்டிடம் 1907-ம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்டது.

மழையில் மண் கரையும். ஆகவே, மசூதிக்கு ஆண்டுதோறும் ஊரே கூடிப் புது மண் பூசுகிறது.

ஆற்று மண்ணுடன் உமி கலந்து ஊறப்போடுகிறார்கள். சிறுவர்கள் மிதித்துக் குழைக்கிறார்கள். பெண்கள் தண்ணீர் சுமக்கிறார்கள். சுவரில் பனைக்கட்டைகள் நீட்டிக்கொண்டிருக்கும். வாலிபர்கள் அவற்றில் ஏறி, கையாலேயே பூசுகிறார்கள். வயதான கொத்தனார்கள் மேற்பார்வை பார்க்கிறார்கள். கீழே மேளம் முழங்குகிறது. களைப்பு தெரிவதில்லை!

புத்தகம் இல்லை

அந்தப் பக்கத்தில் பரம்பரை மேளத்துக்குப் பாடப் புத்தகம் கிடையாது. பெரியவர்கள் கொட்டுவதைக் கேட்டு, கூடவே தட்டிப் பழகவேண்டும். மண் பூசும் வேலையும் அப்படித்தான். இரண்டையும் ஒரே நாளில் சிறுவர்கள் பார்த்துப் பழகுகிறார்கள்.

ஆபத்து

1988-ம் ஆண்டு ஜென்னேயை உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ அறிவித்தது. பிறகு நாட்டில் கலகம் மூண்டது. பராமரிப்பு தடைப்பட்டது. 2016-ல் ஆபத்தில் உள்ள சின்னங்களின் பட்டியலில் ஜென்னேயும் சேர்க்கப்பட்டது.

கிழவர் கைப்பழக்கம் பேரன் கைக்கு வந்தால்தான் சுவர் நிற்கும், மேளமும் ஒலிக்கும்.