பைக்கில் தாமிரபரணிக் கரை: எங்கே நிறுத்தலாம், என்ன சாப்பிடலாம்?

நெல்லைக்கு ரைடு என்றாலே அல்வாதான். ஆனால், நெல்லையப்பர் கோயில் எதிரே இருக்கும் இருட்டுக்கடை திறப்பதே சாயங்காலம்தான், சீக்கிரம் தீர்ந்தும்விடும். அதனால் பிளானைக் கடைசியிலிருந்து போடுங்க.

காலையில் சேரன்மகாதேவி ரோட்டில் கிளம்பினால் பத்தமடையில் கோரைப்பாய், கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் வாங்கலாம். அப்பளம் நொறுங்கும், பையில் மேலாக வைங்க. அடுத்து அம்பை தாண்டி பாபநாசம். நெல்லையிலிருந்து சுமார் 50 கி.மீ.

படித்துறையில் குளித்துவிட்டே சாப்பிடப் போங்க. மேலே அணை இருப்பதால் தண்ணீர் திடீரென்று கூடலாம். ஊர்க்காரர்களிடம் கேட்காமல் இறங்காதீங்க.

செங்கோட்டை பார்டர் புரோட்டாவையும் அன்றைக்கே சேர்க்கத் தோன்றும். வேண்டாம். வயிறு முட்டச் சாப்பிட்ட தூக்கக் கலக்கத்தோடு அல்வாவுக்காக வண்டியை விரட்ட வேண்டியிருக்கும். புரோட்டாவை மறுநாள் குற்றாலத்தோடு வைத்துக்கொள்ளுங்க.