விலக்கிலிருந்து வரையறைக்கு

2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வெளியானபோது, மாணவர் எழுத்தையும் எந்திர எழுத்தையும் எவ்வாறு பிரித்தறிவது என்னும் வினா பல்கலைக்கழகங்களின் முன் எழுந்தது. முதலில் பல நாடியது விலக்கையே. 2023 பிப்ரவரியில் ஹாங்காங் பல்கலைக்கழகம், ஆசிரியரின் முன்னனுமதியின்றி இத்தகைய கருவிகளைப் பயன்படுத்தலாகாது என்றது. அடுத்த கல்வியாண்டிலேயே அத்தடை நீங்கியது. அவ்வாண்டு ஜூலையில் பிரிட்டனின் ரஸ்ஸல் குழுமத்தைச் சார்ந்த 24 பல்கலைக்கழகங்கள் ஐந்து கோட்பாடுகளை அறிவித்தன. மாணவரும் ஆசிரியரும் இக்கருவிகளை அறிந்திருத்தல், மதிப்பீட்டு முறையை மாற்றியமைத்தல், கல்வி நேர்மையைக் காத்தல் ஆகியன அவற்றுள் அடங்கும்.

இம்மாற்றத்திற்குக் காரணங்களுள் ஒன்று, தடையைக் காக்க நம்பத்தக்க சான்று இல்லாமையாகும். ஓபன்ஏஐ தான் ஆக்கிய கண்டறி கருவியைத் துல்லியக் குறைவால் 2023 ஜூலையில் விலக்கிக்கொண்டது. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர் அவ்வாண்டு சோதித்தபோது, ஆங்கிலம் தாய்மொழியல்லாதார் எழுதிய டோஃபல் கட்டுரைகளுள் பாதிக்கும் மேற்பட்டவற்றை இத்தகைய கருவிகள் எந்திர எழுத்தெனப் பிழையாகக் கணித்தன. எளிய சொல்லாட்சியே அங்குக் குற்றத்தின் அடையாளமாயிற்று.

அயல்நாடுகளில் பயிலும் நம் பிள்ளைகளுக்கும் இவ்விடர் நேரக்கூடும். ஆகவே பாடந்தோறும் உள்ள விதியை முன்னரே கேட்டறிதலும், பெற்ற உதவியை வெளிப்படையாகக் குறித்தலும், வரைவுகளைப் பேணி வைத்தலும் அவர்க்கு அரணாகும். ஐயம் எழுமிடத்து மாணவரை அழைத்து நேரில் வினவுதல் ஆசிரியர் கடன். எந்திரத்தின் கணிப்பைத் தீர்ப்பாகக் கொள்ளுதல் நீதியாகாது என்பது நம் கருத்து.