தம் மறதியை அறிந்தவர்

வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு ஞாபகம் தடுமாறத் தொடங்கியதும் குடும்பத்தார் சொல்லுவது, "பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது" என்பதே. வைத்தியரும் மகனைத் தனியே அழைத்து வியாதியின் பெயரைச் சொல்லுகிறார். வெளியே பெஞ்சியில் உட்கார்ந்திருப்பவரிடம், "வயதானால் எல்லோருக்கும் வருவதுதான்" என்று சொல்லி வீட்டுக்கு அழைத்துப் போகிறார்கள். அன்பினால் செய்யும் காரியம் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் நோயாளிக்குத் தம் நிலை தெரியாது என்னும் எண்ணம், ஆரம்ப தசையில், பல சமயங்களில் பிழையானது.

இவ்வியாதியின் சரித்திரமே அதற்குச் சாட்சி. 1901-ம் வருஷம் நவம்பர் மாதம் ஜர்மனியில் பிராங்க்பர்ட் நகரத்து மனோவியாதி ஆஸ்பத்திரியில், அகுஸ்தே டெட்டர் என்னும் 51 வயது அம்மையார் சேர்க்கப்பட்டார். டாக்டர் அல்ஸைமர் அவரை விசாரித்து, கேள்விகளையும் விடைகளையும் குறித்து வைத்தார். பெயரைக் கேட்டால் அகுஸ்தே. கணவன் பெயரைக் கேட்டாலும் அகுஸ்தே. காலிபிளவரும் இறைச்சியும் தின்றுகொண்டே, தின்பது கீரை என்றார். பெயரை எழுதச் சொன்னபோது பாதியில் நின்றுபோய், தம்மையே தாம் தொலைத்துவிட்டதாகச் சொன்னார். வியாதி முற்றிய நிலையிலும் அவருக்கு அவ்வளவு தெரிந்திருந்தது! 1906-ல் அம்மையார் இறந்தார். அவ்வருஷமே அல்ஸைமர் இந்நோயைப் பற்றி வைத்தியர் சபையில் எடுத்துரைத்தார். காணாமற் போயிருந்த குறிப்புகள் 1995-ல்தான் மறுபடி அகப்பட்டன. நோயைக் கண்டவர் பெயரை உலகம் அறியும். அதை அனுபவித்து ஒரே வாக்கியத்தில் சொன்னவரை அறிந்தோர் சிலரே.

அமெரிக்க முன்னாள் ஜனாதிபதி ரீகன், 1994 நவம்பர் 5-ந் தேதி, தமக்கு இவ்வியாதி கண்டிருப்பதைத் தம் கைப்படக் கடிதமெழுதித் தேசத்தாருக்கு அறிவித்தார். மனைவி தாங்கவேண்டிய பாரத்தை நினைத்து அதில் வருந்தியிருந்தார். அவருடைய அரசியலை நாம் ஒப்பவேண்டியதில்லை. வரப்போவது இன்னதென்று தெளிவாக அறிந்தவருடைய கடிதம் அது. பின்னும் சுமார் பத்து வருஷம் ஜீவித்து 2004-ல் காலமானார்.

நிற்க. தம் குறையை மெய்யாகவே உணராதவர்களும் உண்டு. பாபின்ஸ்கி என்னும் பிரெஞ்சு வைத்தியர், ஒரு பக்கம் விழுந்துபோயும் அதை அறியாதிருந்த நோயாளிகளைக் கண்டு, அந்நிலைக்கு 1914-ல் தனிப் பெயரே இட்டார். மறதி நோயிலும் அது நேர்வதுண்டு. மூளையின் பழுதே அதற்கும் காரணம். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் கணக்குப் புஸ்தகத்தை மகனிடம் தள்ளிவிடுவதும், சிநேகிதர் பெயர் நினைவுக்கு வராமல் "வாருங்கள் ஸ்வாமி" என்று சமாளிப்பதும், சட்டைப்பையில் துண்டுக் காகிதங்களைச் சேர்ப்பதும், கூட்டங்களுக்குப் போவதையே விட்டுவிடுவதும் ஒன்றும் அறியாதவர் செய்யும் காரியங்களா? வெட்கத்தினால் மூடி மறைப்பதை நாம் அறியாமை என்று எண்ணிக்கொள்கிறோம். எவ்வளவு அறிய விரும்புகிறார் என்று அவரையே கேட்டால் என்ன?

இது வெறும் மரியாதையைப் பற்றிய பேச்சல்ல. உயில் எழுதுகிறவருக்குப் புத்தித் தெளிவு வேண்டுமென்று 1925-ம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம் விதிக்கிறது. பின்னால் புத்தி மங்கினால் எவ்வித சிகிச்சை நடக்கவேண்டும், தமது சார்பில் யார் பேசவேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைக்க, 2017-ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் இடங்கொடுக்கிறது. தெளிவுள்ள நாட்களில் செய்யவேண்டிய காரியங்கள் இவை. "ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை" என்று சொல்லி நாம் கழிப்பது அந்த நாட்களைத்தான். விவரமெல்லாம் மகனுக்குத் தெரிந்திருக்கிறது. கையெழுத்துப் போடவேண்டியவர் வெளியே பெஞ்சியில் காத்திருக்கிறார்.