வில் இருக்கட்டும், நீச்சல் எங்கே?

வில்வித்தை, வேட்டை, காட்டில் உயிர் பிழைக்கும் வித்தை. இதையெல்லாம் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுக்கலாமா என்று நாலு பேரைக் கேட்டு எழுதச் சொன்னார்கள். கேட்டேன். மூன்று பேர் எடுத்த எடுப்பிலேயே அந்தக் கொலம்பியக் குழந்தைகளைச் சொன்னார்கள்.

நினைவிருக்கும். 2023 மே 1 அன்று அமேசான் காட்டுக்குள் விழுந்த சிறிய விமானம். பெரியவர்கள் மூவரும் போய்விட, மிஞ்சியது 13 வயது அக்கா, 9 வயதுத் தங்கை, 4 வயதுத் தம்பி, 11 மாதக் கைக்குழந்தை. 40 நாள் கழித்து நால்வரும் உயிரோடு கிடைத்தார்கள். விமானத்திலிருந்த மரவள்ளி மாவு தீரும்வரை அதைத் தின்றார்கள். அப்புறம் காட்டுப் பழம், விதை. எதைத் தின்னலாம், எதைத் தொடக்கூடாது என்று மூத்தவளுக்குத் தெரிந்திருந்தது. தலைமுடி கட்டும் நாடாவால் கொப்புகளைக் கட்டி ஒண்டிக்கொள்ள இடம் செய்தாள். பழங்குடிப் பிள்ளைகள் அவர்கள். இதைச் சொல்லிக் கொடுத்தது எந்த வாத்தியாரும் அல்ல, பாட்டி. அந்தப் பாட்டியின் குரலைத்தான் ராணுவம் ஒலிபெருக்கியில் காடெங்கும் ஒலிக்க விட்டது. இருக்கிற இடத்திலேயே இருங்கள், தேடிக்கொண்டிருக்கிறோம் என்று, அவர்கள் மொழியிலேயே.

இதைக் கேட்டதும் பிள்ளைகள் கையில் வில்லைக் கொடுக்கத் துடிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பெண் ஓர் அம்புகூட விடவில்லை.

விளையாட்டாக வில்வித்தை கற்பதில் எனக்கு மறுப்பில்லை. பாரிஸ் பாராலிம்பிக்கில் கைகளே இல்லாத 17 வயதுப் பெண் காலால் வில்லைப் பிடித்து வெண்கலம் வென்றதைப் பார்த்தவர் எவரும் மறுக்க மாட்டார். மூங்கில் வில்லிலேயே தொடங்கலாம். ஆனால் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொண்டு ஆண்டு முடியும்வரை திருப்பித் தராத ஊரில், வில்லுக்கு எந்தப் பீரியடை ஒதுக்குவார்கள்?

வேட்டையைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. முயலைப் பிடித்தாலும் வழக்குதான். காலங்காலமாக வேட்டையாடி வந்த நரிக்குறவர்களே அதை விட வேண்டியிருந்தது. வேட்டை தெரிந்தவனுக்குத்தான் காட்டின் அருமை தெரியும் என்று வாதாடுகிறவர்கள் உண்டு. இருக்கலாம். சட்டத்தை மாற்றிவிட்டு வரட்டும்.

நாலாவதாக நான் கேட்டவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். பதில் சொல்லாமல் என்னைத் திருப்பிக் கேட்டார். நம் பிள்ளைகள் காட்டில் வழிதவறியா சாகிறார்கள்? அதற்குப் பிறகு மற்ற மூவர் சொன்னது எதுவும் என் மனதில் நிற்கவில்லை.

கோடை விடுமுறை வந்தால் செய்தித்தாளில் தவறாமல் வரும் செய்தி எது என்று உங்களுக்கே தெரியும். ஏரி, கல்குவாரிக் குட்டை, மணல் அள்ளிய ஆற்றுக் குழி. ஒரு பையன் வழுக்கி விழுவான். அவனைப் பிடிக்க இரண்டாமவன் குதிப்பான், இருவரையும் பிடிக்க மூன்றாமவன். நீச்சல் தெரியாத மூவர். 2021-இல் மட்டும் உலகில் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அதில் ஏறக்குறையக் கால்வாசிப் பேர் 5 வயது நிரம்பாதவர்கள்.

நம் காடு தண்ணீர்தான் ஐயா.

எனக்கு நீச்சல் சொல்லிக் கொடுத்தது சித்தப்பா. முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டித் தோட்டத்துக் கிணற்றில் தள்ளிவிட்டார். நாலு நாள் தண்ணீர் குடித்தேன், ஐந்தாம் நாள் குடுக்கையை அவிழ்த்தார். அந்தக் கிணறு இன்று குப்பை மேடு. பக்கத்தில் போர்வெல். கிணறு போனதோடு அந்தப் பள்ளிக்கூடமும் போயிற்று. கிணற்றுப் பக்கம் போகாதே என்று பொத்திப் பொத்தி வளர்த்த பிள்ளைதான் பதினைந்து வயதில் நண்பர்களோடு அணைக்குப் போகிறான்.

2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்தில் குளிக்க இறங்கிய இளைஞர்களில் நால்வர் ஆழத்தில் சிக்கினார்கள். அங்கே இருந்த மூன்று பெண்கள் யோசிக்கவில்லை. உடுத்தியிருந்த சேலையை அவிழ்த்துத் தண்ணீரில் வீசினார்கள். இருவரை இழுத்துக் கரை சேர்த்தார்கள். மற்ற இருவரைக் காப்பாற்ற முடியவில்லை. அந்தப் பெண்களுக்கு அரசு கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. கொடுக்க வேண்டியதுதான். ஆனால் அவர்கள் செய்தது விருதோடு முடிகிற விஷயமா? குதிக்காதே, எதையாவது வீசு. வேட்டி, சேலை, கயிறு, மூடியிட்ட காலி கேன், எதுவானாலும் சரி. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குப் பத்து நிமிடத்தில் சொல்லிக் கொடுத்துவிடலாம். அதோடு இன்னொன்று. கரையேற்றியவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் கூடாது. மூச்சு இல்லையென்றால் வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும், நெஞ்சை அழுத்த வேண்டும், ஒருவர் 108-க்குப் பேச வேண்டும்.

நீச்சல் குளத்துக்கு எங்கே போவது என்பார்கள். வங்கதேசத்தில் நீச்சல் குளம் கட்டிக்கொண்டிருக்கவில்லை. ஊர்க் குளத்துக்குள்ளேயே மூங்கிலால் தளமும் தடுப்பும் கட்டி, அதற்குள் பிள்ளைகளை இறக்குகிறார்கள். 25 மீட்டர் நீந்த வேண்டும், 30 விநாடி மிதக்க வேண்டும். அவ்வளவுதான் தேர்வு. அங்கே விளைகிற மூங்கில் இங்கேயும் விளைகிறது.

தண்ணீருக்குக் கூட்டிப் போன இடத்தில் ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது என்று ஆசிரியர்கள் அஞ்சுவது நியாயம்தான். கூட்டிப் போகாததால் ஆனதற்கு இதுவரை யார் பதில் சொன்னார்கள்?

அரசுப் பள்ளி ஒவ்வொன்றிலும் மேலாண்மைக் குழு இருக்கிறது, பெற்றோர்தான் அதில் பெரும்பான்மை. அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது வில்லும் அம்பும் கேட்காதீர்கள். கோடை விடுமுறைக்கு முன் வீசிக் காப்பாற்றும் பயிற்சி ஒரு மணி நேரம் கேளுங்கள். ஊர் ஏரிக்கரை மரத்தில் நீளக் கயிறு ஒன்று, அதன் நுனியில் காலி கேன் ஒன்று கட்டித் தொங்கவிடச் சொல்லுங்கள். கயிற்றுக்குக் காசில்லை என்றால் நீங்களே வாங்கிக் கட்டுங்கள்.