பெயர் வாணிபம்

பொன்னையும் நிலத்தையும் வாங்கி வைத்திருந்து, விலை ஏறியபின் விற்றுப் பொருளீட்டுவோரை நாம் அறிவோம். கண்ணால் காணவும் கையால் தொடவும் இயலாத வெறும் பெயரை அவ்வாறு வாங்கி விற்போரும் உளர். இணையத்தில் ‘டாட் காம்’, ‘டாட் இன்’ என்று முடிகின்றனவே, அந்த டொமைன் பெயர்களைத்தான் சொல்கிறேன். நம் விடுதிக்குள்ளும் இவ்வாணிபம் புகுந்துவிட்டபடியால், அதன் இயல்பைச் சற்று ஆராய்வது நலம்.

கணிப்பொறிகள் ஒன்றையொன்று எண்களால் அறிகின்றன. மனிதருக்கோ எண்களை நினைவில் வைத்தல் அரிது. ஆகவே 1983-இல் பால் மோக்கபெட்ரிஸ் என்னும் அமெரிக்க அறிஞர், பெயரைச் சொன்னால் எண்ணைத் தேடித் தரும் முறை ஒன்றை வகுத்தார். இம்முறையில் ஒரு பெயர் உலகம் முழுவதற்கும் ஒருவருக்கே உரியது. ஊருக்கு ஊர் ‘முருகன் விலாஸ்’ இருக்கலாம். ‘முருகன் விலாஸ் டாட் காம்’ ஒன்றுதான் இருக்க முடியும். வாணிபம் அங்கேதான் பிறக்கிறது.

1995 வரை டாட் காம் பெயர்களைப் பதிவு செய்யக் கட்டணமே இல்லை. முந்திக்கொண்டவர் பாடு கொண்டாட்டம். ‘பிசினஸ் டாட் காம்’ என்னும் பெயர் 1997-இல் ஒன்றரை லட்சம் டாலருக்குக் கைமாறி, இரண்டே ஆண்டில் 75 லட்சம் டாலருக்கு மீண்டும் விலைபோயிற்று. 2019-இல் ‘வாய்ஸ் டாட் காம்’ மூன்று கோடி டாலருக்கு விற்றது. செய்தித்தாள்களில் வருவன இத்தகைய விற்பனைகளே. விலைபோகாத பெயர்களைப் பற்றி யார் எழுதுகிறார்கள்?

பெயருக்கு மதிப்பு எதனால் வருகிறது? சுருக்கம், ஒரே முறை கேட்டாலும் பிழையின்றி எழுத வருதல், ஒரு தொழிலையோ பொருளையோ நேரே குறித்தல் ஆகியவற்றால். ஆங்கில எழுத்துகள் 26. மூன்றெழுத்துக் கோவைகள் 17,576 மட்டுமே, நான்கெழுத்தாயின் 4,56,976, ஐந்தெழுத்தாயின் ஒரு கோடியைத் தாண்டும். மூன்றெழுத்து டாட் காம் பெயர்கள் யாவும் என்றோ பிடிபட்டுவிட்டன. இன்று புதிதாகப் பதிவு செய்யக் கிடைக்கும் பெயர், உலகம் முழுதும் இத்தனை ஆண்டுகளாக வேண்டாமென்று விட்டுவைத்த பெயர் என்பதை மறத்தலாகாது.

மேலும், ‘வாங்கினேன்’ என்று நாம் சொல்வது உண்மையில் குத்தகையே. ஆண்டுதோறும் பணம் கட்டவேண்டும். ஒரே முறையில் பத்தாண்டுக்கு மேல் கட்டிவைக்கவும் இயலாது. நிலம் சும்மா கிடந்தால் புல்லாவது முளைக்கும். பெயர் சும்மா கிடந்தால் செலவுதான் முளைக்கிறது!

விடுதி நண்பர் ஒருவர் தம் உதவித்தொகையைக் கொண்டு நாற்பது பெயர்களைப் பதிவு செய்திருக்கிறார். தானாக மதிப்பிடும் கணிப்பொறி நிரல் ஒன்று அவற்றுள் ஒரு பெயருக்கு இரண்டு லட்சம் ரூபாய் சொல்லிற்றாம். அந்த நிரல் இரண்டு லட்சம் கொடுத்து வாங்கிக்கொள்ளுமா என்று கேட்டேன், சிரித்தார். புள்ளியியல் மாணவனாகையால் கணக்குப் போட்டுக் காட்டினேன். பெயர் ஒன்றுக்கு ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய் என வைப்போம், நாற்பதுக்கு நாற்பதாயிரம். ஒரு பெயர் ஓராண்டில் விலைபோகும் வாய்ப்பு நூற்றில் ஒன்று எனக் கொள்வோம். அவ்வாறாயின், ஆண்டு முழுதும் ஒன்றுகூட விற்காதிருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 67. ஈராண்டு காத்திருந்தும் ஒன்றும் விற்காதிருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 45 ஆகும். அதற்குள் எண்பதாயிரம் போய்விடும். செலவும் வரவும் சரியாகவேண்டுமானாலே, விற்கும் பெயர் ஒவ்வொன்றும் சராசரி ஒரு லட்சத்துக்குப் போகவேண்டும். ‘நூற்றில் இரண்டு என்று வைத்துக்கொள்’ என்கிறார் நண்பர். வைத்துக்கொள்ளலாம், வாங்குபவர் அல்லவா வரவேண்டும்?

அவரது பட்டியலில் புகழ்பெற்ற நிறுவனம் ஒன்றின் பெயரை ஒட்டியதும் உண்டு. இது ஆபத்து. சென்னையின் சத்யம் இன்ஃபோவே நிறுவனம் தன் ‘சிஃபி’ பெயரைக் காக்கத் தொடுத்த வழக்கில், டொமைன் பெயருக்கும் வணிகக் குறிக்குரிய பாதுகாப்பு உண்டென்று உச்சநீதிமன்றம் 2004-இல் தீர்ப்பளித்தது. பிறர் புகழைக் குத்தகைக்கு எடுத்தால் பெயரும் போகும், வழக்குச் செலவும் வரும்.

தமிழ்ச் சொற்களைப் பிடித்து வைப்போருக்குத் தனியொரு சங்கடம். ‘தமிழ்’ என்பதையே எடுங்கள். ஆங்கிலத்தில் முதலெழுத்து ‘டி’யா, ‘டி-எச்’சா? ஈற்றெழுத்து ‘எல்’லா, ‘இஸட்-எச்’சா? இதிலேயே நான்கு எழுத்துக்கோவைகள் ஆயின. ஒன்றை நீர் வைத்திருந்தால், வாங்க வருபவர் மற்ற மூன்றில் ஒன்றைத் தேடிப் போய்விடுவார். தமிழ் எழுத்திலேயே பெயர் வைக்கவும் இன்று வழியுண்டு: ‘இலங்கை’ என்னும் ஈறு 2010-இலும் ‘சிங்கப்பூர்’, ‘இந்தியா’ ஆகியவை 2011-இலும் உலகப் பட்டியலில் ஏறின. பெருமைக்குரியதே, எனினும் தமிழ் எழுத்தில் முகவரி தட்டுவோரை நான் அதிகம் கண்டதில்லை.

கெடு தவறினால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். டாட் காம் பெயர் நீக்கப்பட்டபின் முப்பது நாள்வரை மிகுந்த கட்டணம் செலுத்தி மீட்கலாம். அப்பால் ஐந்து நாள் யாருக்கும் கிடையாது. பிறகு அது பொதுவில் விழும். விழும் கணத்திலேயே கவ்விக்கொள்ளக் கணிப்பொறிகளை நிறுத்திக் காத்திருக்கும் நிறுவனங்கள் உள்ளன. நம் மன்றத்தின் பெயர் முன்னாள் செயலாளர் ஒருவரின் சொந்தக் கணக்கில் இருக்கிறது. வரும் பங்குனியில் கெடு முடிகிறது. அதை மன்றத்தின் பேரில் மாற்றிக் கட்டணம் கட்டும் பொறுப்பை யார் ஏற்பது என்பதை அடுத்த செயற்குழுவிலேயே பேசிவிடுவோம்.